சமையலறைக்குக் குறிப்பு

கேமராக்காரருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது அவர் தொழில். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வருவார், சிரித்த முகமாகப் பேசுவார், வேலை முடிந்ததும் ஏணி வைத்த இடத்தைத் தானே துடைத்துவிட்டுப் போவார். அவர் மனைவியைப் பார்த்தவர்கள் குறைவு. "அவளுக்கு உடம்பு சரியில்ல, வெளிய வர மாட்டா" என்று அவரே சொல்வார். கேட்டவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள்.

அவளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள். பல்வலியோடு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புகிற வாய் என்று அங்கே சொல்வார்கள். முதலில் வேலை நின்றது. பிறகு அவள் போன் பழுதாகிவிட்டது. சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்று எடுத்துப் போனவர் திருப்பிக் கொண்டுவரவில்லை. கூடத்தில் ஒரு கேமரா வந்தது, அப்புறம் அடுப்படியில். பிறகு கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. மகள் சிட்டுவைப் பள்ளிக்கு அவரே கூட்டிப்போய் அவரே கூட்டிவந்தார்.

ஒருமுறை அவள் ஜன்னலைத் திறந்து கத்தினாள். எதிர்வீட்டிலிருந்து யாரோ சொல்லி இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கேமராக்காரர் அவர்களை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "மனசு சரியில்லாதவ சார், மாத்திரை சாப்பிடறா" என்றார். அவர்கள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயந்திரமே அந்த ஜன்னலில் ஆணி அடிக்கப்பட்டது.

அவளுக்கு இருந்தது ஒரே அக்கா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அவள் நம்பர் மட்டும்தான் இவள் நினைவில் மிச்சம் இருந்தது. மறந்துபோய்விடுமோ என்ற பயத்தில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். சத்தம் வராமல் சொல்வாள்; அடுப்படிக் கேமராவுக்குக் காதும் உண்டு.

அந்த வாரம் கேமராக்காரர், வேலை நிமித்தம் வேறு ஊருக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. "அங்க அக்கம்பக்கமே கிடையாது, நிம்மதியா இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. அவர் கேமரா பொருத்திக்கொடுத்த ஒரு ஹோட்டல் முதலாளி, "குடும்பத்தோட மதியம் சாப்பிட வந்தே ஆகணும், இல்லாட்டி நானே உங்க வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவேன்" என்று பிடிவாதம் பிடித்தார். முதலாளி வீட்டுக்கு வருவதைவிட இவளை அங்கே கூட்டிப்போவது மேல் என்று கேமராக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நல்ல புடவையா கட்டு. கேட்டா பதில் சொல்லு. கேக்காம வாயைத் திறக்காத" என்றார்.

அவள் இரவு முழுவதும் திட்டம் போட்டாள். ஹோட்டல் என்றால் பரிமாறுகிறவர் வருவார். மெனு கார்டை நீட்டுவார். என்ன வேண்டும் என்று குனிந்து கேட்பார். அந்த நேரம் இவர் கை கழுவப் போயிருக்கலாம், போனில் பேசிக்கொண்டிருக்கலாம். கார்டைக் காட்டி எதையோ விசாரிப்பதுபோல நம்பரைச் சொல்லிவிட வேண்டும். 'என் அக்காவைக் கூப்பிடுங்க.' அவ்வளவுதான். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

ஹோட்டல் பளபளவென்று இருந்தது. மதிய வெயில் கண்ணாடி வழியாக மேஜைகள் மேல் விழுந்தது. முதலாளி வாசலுக்கே வந்து கேமராக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, சிட்டுவோடு மூவரையும் சுவரோரம் ஒரு மேஜையில் உட்காரவைத்தார். அவள் மேஜையைப் பார்த்தாள். மெனு கார்டு இல்லை. உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் கறுப்புக் கட்டங்களாக ஒரு க்யூஆர் கோடு. பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அங்கேயும் அதே. ஆட்கள் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தண்ணீர் வைக்க ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் செருகிய துண்டு, கையில் சூடுபட்ட தழும்புகள். கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது மறந்து, இவள் தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்:

"மெனு கார்டு இல்லையாக்கா?"

"அதெல்லாம் எடுத்துட்டாங்கம்மா. இப்ப எல்லாம் போன்லதான். நீங்க தட்டிவிட்டா நேரா உள்ள சீட்டு வந்து விழும். நான் தட்டு தூக்கறதோட சரி."

"ஒண்ணுகூடவா இல்ல?"

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அந்தப் பெண்ணை நிற்க வைத்தது. கேமராக்காரர் சிரித்தார். "எந்தக் காலத்துல இருக்கா பாருங்க. வீட்டைவிட்டு வெளிய வந்தாத்தானே தெரியும்?" முதலாளியும் சிரித்தார். தட்டுக்காரப் பெண் சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

அவள் அந்தக் கறுப்புக் கட்டங்களையே பார்த்தாள். யாரும் வரப்போவதில்லை. யாரும் குனிந்து கேட்கப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போனால் அந்தப் பெயர் தெரியாத ஊர்தான்.

கேமராக்காரர் தன் போனை எடுத்து ஸ்டிக்கருக்கு நேரே காட்டினார். படங்களோடு மெனு விரிந்தது. அதே நேரம் முதலாளி கல்லாவிலிருந்து கூப்பிட்டார்: "தம்பி, ஒரு நிமிஷம் வாங்களேன், வாசல் கேமரா மங்கலாத் தெரியுது."

அவர் தயங்கினார். பிறகு போனை அவள் முன்னால் வைத்தார். "எனக்கு ஃப்ரைட் ரைஸ். உங்க ரெண்டு பேருக்கும் பாத்துப் போடு. வேற எதுலயும் கை வைக்காத." தாடையால் சுவர் மூலையைக் காட்டினார். அங்கே கேமரா ஒன்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "கல்லாவுல நின்னா இந்த டேபிள் நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு, முதலாளியை நோக்கிச் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போன் அவள் கையில் இருந்தது. எத்தனையோ நாள் கனவில் வந்த பொருள். ஆனால் அந்தப் போனில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. அவர் விரல் பட்டால்தான் செய்தியும் திறக்கும், டயலும் திறக்கும். திறந்தாலும் என்ன? போன் காதுக்குப் போவதைப் பார்த்த மறுநொடி ஓடி வந்துவிடுவார். யாரையாவது கைகாட்டிக் கூப்பிட்டாலும் பார்ப்பார். உதடு அசைந்தாலும் பார்ப்பார். அவள் தலை குனிந்து மெனுவைத் தள்ளினாள். மனைவி சாப்பாடு தேர்ந்தெடுக்கிறாள், அவ்வளவுதான் திரையில் தெரியும்.

சூப் படத்தைத் தொட்டாள். அது பெரிதாகி விரிந்தது. அடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. 'சமையலறைக்குக் குறிப்பு: காரம் குறைவு, உப்பு குறைவு போன்றவை.'

அவள் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். எழுதத் தொடங்கினாள். அவசரத்தில் எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. 'என்னை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்' என்று வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத்து ஏறவில்லை. அக்கா நம்பருக்கு இடமில்லை. பிறகு புரிந்தது, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பெட்டி உண்டு. சிட்டுவின் நூடுல்ஸில், 'இவரிடம் கேட்காதீர்கள் அக்காவைக் கூப்பிடுங்கள்' என்று எழுதினாள். ஆரஞ்சு ஜூஸில் நம்பரைப் போட்டாள். பாத்திரக் கழுவலில் சொல்லிச் சொல்லி உரமேறிய நம்பர். அது மட்டும் பிழையில்லாமல் விழுந்தது.

அவர் கேட்ட ஃப்ரைட் ரைஸையும் சேர்த்து ஆர்டர் பொத்தானை அழுத்தினாள். 'உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று வந்தது. கீழே, அவள் எழுதிய எல்லாமே வரிவரியாக, பளிச்சென்று.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. எதைத் தொட்டாலும் அந்தப் பக்கம் திரையைவிட்டு மறையவில்லை. சிட்டு தோள்மேல் எட்டிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற புதிது, சோப்பு உறையைக்கூட விடமாட்டாள்.

"சூ... ப். என்... னை... வீட்... டில்..." என்று உரக்கப் படித்தாள். "அம்மா, அடைத்துன்னா என்ன?"

அவள் சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். கொஞ்சம் அழுத்தமாகவே பொத்திவிட்டாள். சிட்டு மிரண்டு அழத் தொடங்கினாள். போனைக் கவிழ்த்து வைப்பதற்கும் அவர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"ஏன் அழறா?"

"ஐஸ் போட்ட ஜூஸ்தான் வேணும்னு அடம். சளி பிடிக்கும்னு சொன்னேன்."

"இதுக்கா வாயைப் பொத்தற?" அவர் சிட்டுவின் தலையைத் தடவினார். "ஐஸ் போட்டுக்கலாம்டா." போனை எடுத்துப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டார். சிட்டு விம்மிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் கண்ணில் என்ன தெரிந்ததோ, சொல்லவில்லை.

சமையலறைக்குப் போகும் கதவு ஆடி ஆடித் திறந்து மூடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்திருப்பார்களா? யாராவது சீட்டைப் படிப்பார்களா, இல்லை சூப், நூடுல்ஸ் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுவார்களா?

அவள் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. அந்த ஹோட்டலில் சாப்பாட்டுச் சீட்டு சமையலறையில் விழும். ஜூஸ் சீட்டு, வாசலோரம் தனியாக இருந்த ஜூஸ் கவுண்டரில் விழும். ஜூஸ்காரர் கையில் சீட்டோடு நேரே மேஜைக்கு வந்துவிட்டார்.

"சார், ஆரஞ்சு ஜூஸ்ல ஒரு போன் நம்பர் போட்டிருக்கே. பார்சலா? யாருக்காவது அனுப்பணுமா?"

கேமராக்காரர் நிமிர்ந்தார். "நம்பரா? என்ன நம்பர்?"

"என்னங்க, அது... நம்பர் கேட்டுச்சு. பில்லுக்குன்னு நினைச்சேன்" என்றாள். தன் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"யார் நம்பரைப் போட்ட?" அவர் சிரிப்பு மாறாமல் கையை நீட்டினார். "குடுங்க பாப்போம்."

அக்காவின் நம்பர் அவருக்குத் தெரியும். ஜூஸ்காரர் சீட்டை நீட்டினார். அந்த நேரம் ஒரு கை நடுவில் வந்து சீட்டைப் பிடுங்கியது. தட்டுக்காரப் பெண்.

"யோவ், கண்ணு தெரியலையா? இது பன்னெண்டாம் டேபிளோட பார்சல். அந்த ஆளு அங்க கத்திட்டிருக்கான், நீ இங்க வந்து நிக்கற." கேமராக்காரரிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்கங்க சார். புது மிஷினு. சீட்டு கலந்துபோயிருது. ஜூஸ் இதோ வந்துரும்."

ஜூஸ்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். கேமராக்காரர், "காசு போட்டு மிஷின் வாங்கினா மட்டும் போதுமா?" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மனைவியின் முகத்தை அடிக்கடி பார்த்தார்.

ஜூஸ் வந்தது. சாப்பாடு வரவில்லை. இவர்களுக்குப் பிறகு வந்தவர்கள்கூடச் சாப்பிட்டு எழுந்தார்கள். தட்டுக்காரப் பெண் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் வேண்டுமென்றே தாமதிக்கிறாளா, மறந்துவிட்டாளா என்று இவளுக்குத் தெரியவில்லை. கேமராக்காரர் விரலால் மேஜையைத் தட்டினார். "என்னதான் பண்றாங்க உள்ள?" என்று போனை வெளியே எடுத்தார்.

அவர் விரல் திரையைத் தள்ளுவதை அவள் பார்த்தாள். தள்ளியது. நின்றது.

அவர் சத்தம் போடவில்லை. முகத்தில் கோபம்கூட வரவில்லை. ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். போனைப் பைக்குள் போட்டார். மேஜைக்கடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், எலும்பு நொறுங்கிவிடும்போலிருந்தது.

"எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"சிரிச்ச முகமா எழுந்திரு."

இன்னொரு கையால் அவள் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இனி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தபோது முதலில் காற்றுதான் வந்தது.

"நான் வரல!" என்றாள். பிறகு எழுந்து நின்று, எல்லோரையும் பார்த்துக் கத்தினாள். "எனக்கு இவரோட போக வேணாம்! என்னையப் பூட்டி வெச்சிருக்காரு! யாராவது... யாராவது..."

ஹோட்டல் முழுவதும் திரும்பியது. கரண்டிச் சத்தம் நின்றது. முதலாளி ஓடி வந்தார். கேமராக்காரர் ஏற்கெனவே முகத்தை மாற்றிக்கொண்டிருந்தார். கண்கூடக் கலங்கியிருந்தது.

"மன்னிக்கணும். சொன்னேன்ல, உடம்பு சரியில்லைன்னு. மாத்திரை போடலைன்னா இப்படித்தான்."

"அம்மா, வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கங்க. இங்க நாலு பேர் சாப்பிடற இடம்" என்றார் முதலாளி. பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் குனிந்தது. அன்று வீட்டுக்கு வந்த போலீஸ்காரர்களின் முகங்களும் இப்படித்தான் இருந்தன.

கேமராக்காரர் அவள் கையை விட்டார். குனிந்து சிட்டுவைத் தூக்கிக்கொண்டார். "நீ வராட்டி இரு. நாங்க போறோம்." அவளுக்கு எது வலிக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"அம்மா!" என்று சிட்டு அலறினாள்.

அவர் வாசலை நோக்கி நடந்தார். அவள் நாற்காலியை இடறி விழுந்து எழுந்து ஓடினாள். அவர் சட்டையைப் பிடித்தாள். அது கையிலிருந்து நழுவியது. வாசலில் ஜூஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக் கதவை முதுகால் சாத்தியிருந்தார்.

"வழி விடுய்யா."

"பில்லு கட்டல சார்" என்றார் ஜூஸ்காரர். கதவைவிட்டு நகரவில்லை.

"என்னய்யா பில்லு? முதலாளி கூப்பிட்டு வந்தவன் நான்!"

"எனக்கு அது தெரியாது சார். ஜூஸ் குடிச்சீங்கல்ல?"

யாரோ சிரித்தார்கள். அதற்குள் தட்டுக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். அவள் பின்னால் சமையல் மாஸ்டரும் இரண்டு உதவியாட்களும் அடுப்புச் சூட்டோடு நின்றார்கள்.

"குழந்தையக் கீழ விடுங்க சார். அது பயந்துபோய் நடுங்குது. போலீசுக்குச் சொல்லியாச்சு. இவங்க அக்காகிட்டயும் பேசியாச்சு, வந்துட்டே இருக்காங்க."

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணின?" என்று முதலாளி கத்தினார். "இனிமே நீ இங்க..."

"அதை அப்புறம் பேசிக்கலாம் முதலாளி. வேலைய விட்டு எடுங்க, போறேன். இப்ப இந்தப் பிள்ள கீழ இறங்கட்டும்."

கேமராக்காரர் எல்லோரையும் பார்த்தார். இப்போது யாரும் தட்டைப் பார்க்கவில்லை. மெதுவாகச் சிட்டுவை இறக்கிவிட்டார். அவள் ஓடி வந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

தாயையும் மகளையும் தட்டுக்காரப் பெண் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தாள். "உங்கக்கா மொதல்ல, 'அப்படி ஒரு தங்கச்சியே எனக்கில்ல'ன்னு வெச்சுட்டாங்க. மறுபடி போட்டேன். சீட்டுல எழுதினதை அப்படியே படிச்சேன். அழுதுட்டாங்க."

அக்கா வந்தபோது சட்டைக்கையெல்லாம் சோப்பு ஈரம். வேலையில் இருந்தபடியே ஓடி வந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளவில்லை. இரண்டடி தள்ளியே நின்றாள்.

"இனிமே என் வீட்டுப் பக்கம் வராத, உன் முகத்துல முழிக்க விரும்பலன்னு மெசேஜ் அனுப்பினியேடி."

"நான் எதையும் அனுப்பலக்கா. எங்கிட்ட போனே இல்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த ஈரக் கையோடு அவளையும் சிட்டுவையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "ரெண்டு தடவ வாசல் வரைக்கும் வந்தேன்டி. நீ தூங்கறேன்னு சொன்னாரு. நானும் திரும்பிப் போயிட்டேன். போயிட்டேனேடி."

போலீஸ் வந்தது. ஓர் ஆண், ஒரு பெண். கேமராக்காரர் அவர்களிடமும் அதே தாழ்ந்த குரலில் தொடங்கினார். "மனசு சரியில்லாதவ. மாத்திரை சாப்பிடறா."

"எந்த டாக்டர்கிட்ட?" என்றாள் பெண் போலீஸ்.

"அது... இங்கதான். பேரு சட்டுனு வரல."

"என்ன மாத்திரை?"

அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். பெண் போலீஸ் அவளிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னாள். நடுநடுவே நின்று, எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் திரும்பத் திரும்ப ஜன்னல் ஆணியைப் பற்றியே சொன்னாள். பெண் போலீஸ் முழுவதும் கேட்டாள். முடிவில், "இப்ப அக்கா வீட்டுக்குப் போங்க. நாளைக்கு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்கு வாங்க. குழந்தை விஷயம் நாங்க முடிவு பண்ண முடியாது, அது கோர்ட்டுதான்" என்றாள்.

அவ்வளவுதான். யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவர் தலை சீவிக்கொண்டு முதலாளியிடம் விடைபெற்றார். போகும்போது சிட்டுவின் முன்னால் குனிந்து, "அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்டா, சரியா?" என்றார். சிட்டு பழக்கதோஷத்தில் தலையாட்டினாள்.

அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். கூட்டம் நெரித்தது. அக்கா அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுப் பிடித்திருந்தாள், யாரோ இறக்கிவிடப் போகிறார்கள் என்பதுபோல. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தானோ என்று இவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. கட்டிய புடவையைத் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை. சிட்டுவின் பள்ளிப் பைகூட அந்த வீட்டில் இருந்தது.

மடியில் உட்கார்ந்திருந்த சிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா எப்ப வருவாரு?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியலடா" என்றாள் அவள்.

"வந்தா நாம போகணுமா?"

அவள் மகளை இறுக்கிக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அதை எப்படிச் சொல்வது? பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஏறுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.